வாக்கர், டக்கர், ஃபுல்லர்

ஆங்கிலேயரிடையே பெருவழக்காக உள்ள குடும்பப் பெயர்களுள் வாக்கர் என்பது ஒன்று. ‘வாக்’ என்றால் நடத்தல். ஆகவே வாக்கர் என்பார் நடந்து திரிந்த ஒருவரின் வழிவந்தவராதல் வேண்டும் என்று கொள்வது எளிது. ஆங்கிலேயரிலும் பலர் அவ்வாறே கருதுகின்றனர். ஆனால் இப்பெயர் பிறந்த இடம் வழிநடைப் பாதையன்று. கம்பளித் துணி ஊறிய தொட்டி.

இடைக்கால இங்கிலாந்தின் பெருஞ்செல்வம் ஆட்டு உரோமம். தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி உடனே உடுத்தத்தக்கதாக இராது. இழைகளுக்கு இடையே சந்து இருக்கும். உரோமத்தின் இயற்கைப் பிசுக்கு நீங்காமல் இருக்கும். அத்துணியைத் தொட்டியில் இட்டு, நீரும் காரப்பொருளும் சேர்த்து, ஆட்கள் இறங்கி மணிக்கணக்கில் மிதிப்பார்கள். மிதிக்க மிதிக்கப் பிசுக்கு அகலும். உரோமத்தின் நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். துணி சுருங்கித் தடித்து, குளிரைத் தாங்கும் கெட்டித்தன்மை அடையும். காரத்திற்கு அவர்கள் பயன்படுத்திய பொருளைச் சொல்லச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது: வீடுதோறும் சேகரித்த நாட்பட்ட சிறுநீர். அதிலுள்ள அம்மோனியா பிசுக்கைக் கரைத்தது. ஒருவகைக் களிமண்ணையும் இட்டனர். வடநாட்டுக் கடைத்தெருக்களில் முல்தானி மிட்டி என்று விற்கிறார்களே, அந்த இனத்து மண்தான். நம் வீட்டுப் பெண்கள் முகத்தில் பூசிக்கொள்ளும் அம்மண்ணுக்கு ஆங்கிலத்தில் இத்தொழிலாளியின் பெயராலேயே ‘ஃபுல்லர் மண்’ என்று பெயர்.

மிதித்த துணி கோணலாகச் சுருங்காதபடி, மரச்சட்டங்களில் வரிசையாக அடித்த கொக்கிகளில் மாட்டி, இழுத்து உலர்த்தினர். அக்கொக்கிக்கு ‘டென்டர்ஹூக்’ என்று பெயர். முடிவு தெரியாமல் தவிப்பவரை அக்கொக்கியில் மாட்டியவர் என்று ஆங்கிலம் இன்றும் கூறுகிறது. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ளோரை அத்தொடரும் அவ்வண்ணமே மாட்டி வைக்கும்.

தமிழகம் பருத்தி வழங்கும் நாடு. பருத்தி இழைகள் இவ்வாறு பற்றிக்கொள்வதில்லை. எனவே இத்தொழிலுக்கு நம் அன்றாடத் தமிழில் ஒரு தனிச்சொல் வேரூன்றவில்லை. மாற்கு சுவிசேஷத்தின் 9-ஆம் அதிகாரத்தில் ஆங்கிலம் ஃபுல்லர் என்று சொல்லுமிடத்தில் தமிழ் விவிலியம் வண்ணான் என்று சொல்கிறது. வெண்மையைப் பேசும் அவ்விடத்திற்கு அது பொருந்தும். தொழில் முழுவதையும் அச்சொல் அடக்காது. இமயமலைப் பகுதிகளில் வாழும் நேயர்கள், அங்கே நெய்த கம்பளியை வெந்நீரில் இட்டுக் காலால் மிதிப்பதைக் கண்டிருக்கக்கூடும்.

இங்கிலாந்திலோ இத்தொழிலாளிக்கு மூன்று சொற்கள் வழங்கின. தெற்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர். இது ‘ஃபுல்லோ’ என்ற லத்தீன் சொல்லின் வழிவந்தது. டெவன், சாமர்செட் முதலிய தென்மேற்குப் பகுதிகளில் டக்கர். துன்புறுத்துதல் என்று பொருள்பட்ட பழைய ஆங்கில வினையிலிருந்து இது பிறந்தது. துணி படும் பாட்டை எண்ணினால் பொருத்தமான பெயரே. யார்க்ஷயர், லங்காஷயர் முதலிய வடபகுதிகளிலும் ஸ்காட்லாந்திலும் வாக்கர். இதன் மூலவினைக்குப் பழைய ஆங்கிலத்தில் உருட்டுதல், புரட்டுதல் என்பனவே பொருள். நடத்தல் என்ற பொருள் பின்னர் நிலைபெற்றது. ஜெர்மன் மொழியில் இத்தொழிலை இன்றும் ‘வால்கன்’ என்றே சொல்வர்.

ஆகவே மூவருக்கும் தொழில் ஒன்று. பேச்சு வழக்கே வேறு. 1881-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கிலும் டக்கர்கள் தென்மேற்கிலே செறிந்திருந்தனர். பல தலைமுறைக்கு முன் லண்டனில் குடியேறிய ஒரு வாக்கர் வடபகுதிப் பேச்சை மறந்திருப்பார். அப்பேச்சின் ஒரு சொல் மட்டும் அவர் பெயரில் தங்கிவிட்டது.

காலால் மிதிக்கும் முறை நெடுங்காலம் தனியாட்சி செலுத்தவில்லை. டெம்ப்ளர் என்னும் சமயப் போர்வீரர் சபையார் 1185-இல் தம் உடைமைகளைக் கணக்கெடுத்த ஏட்டில், நீர்ச்சக்கரத்தால் மரச்சம்மட்டிகளை இயக்கித் துணியை இடிக்கும் ஆலைகள் இடம்பெறுகின்றன. கால்களுக்கு ஓய்வு கிடைத்தது. பலருக்கு வேலையும் போயிருக்கும். வேல்ஸ் மொழியில் அவ்வாலைக்குப் ‘பாண்டி’ என்று பெயர். டோனிபாண்டி என்னும் ஊர்ப்பெயரில் உள்ளது அதுவே. மதுரைச் சீமையார் உரிமை கொண்டாட இதில் இடமில்லை. எக்ஸிட்டர் நகரில் இத்தொழிலாளர் சங்கம் 1471-இல் எழுப்பிய மண்டபம் ‘டக்கர்ஸ் ஹால்’ என்ற பெயருடன் இன்றும் நிற்கிறது.

தொழிலின் பெயர் எவ்வாறு குடும்பத்தின் பெயராயிற்று? 1066-இல் நார்மானியர் வந்தபின், முதலில் நிலவுடைமையாளரிடத்தும் பின்னர் எளியோரிடத்தும் பரம்பரைப் பெயர் மெல்லப் பரவிற்று. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்களில், தொழிற்பெயர் தாங்கி அத்தொழிலையே செய்தவரும் உளர். வேறு தொழில் செய்தவரும் உளர். தந்தை துணி மிதித்தார், மகன் தச்சனானான், ஆயினும் அவன் வாக்கரே என்ற நிலை வந்தபோது குடும்பப் பெயர் பிறந்துவிட்டது. 1400-ஐ ஒட்டி இங்கிலாந்தில் பெரும்பாலோர்க்கு அது அமைந்துவிட்டது. 1538-இல் தாமஸ் கிராம்வெல்லின் ஆணைப்படி ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைக் கோயில்தோறும் பதியத் தொடங்கியபின், எழுத்தர் கைப்பட்ட பெயர் மேலும் உறுதிப்பட்டது.

எழுத்தரின் ஏடு இன்று நம்மையும் அவ்வழியே செலுத்துகிறது. நம்முடைய தலைப்பெழுத்துத் தலைமுறைதோறும் மாறுவது. வெளி மாநிலத்துப் பள்ளிப் படிவத்திலோ குடும்பப் பெயருக்கென ஒரு கட்டம் இருக்கிறது. அது வெறுமையாக இருப்பின் ஏற்க மறுப்போரும் உண்டு. தந்தையின் பெயரை அதில் எழுதுகிறோம். மகன் தன் பிள்ளைக்கும் அதனையே எழுதினால், ராமசாமி என்ற பாட்டனார் பெயர் ஒரு குடும்பத்துக்கே பெயராகிவிடும். ஜான்சன், ரிச்சர்ட்சன் ஆகிய பெயர்கள் இவ்வாறு தோன்றியவையே. மனமறிந்து ஏற்றால் அதில் குறையில்லை. கட்டத்தை நிரப்புவதற்காக ஒரு சான்றிதழில் ஒன்றும் மற்றொன்றில் வேறொன்றுமாக எழுதிவிட்டுப் பின்னர் திருத்த முற்படின், அரசிதழ் அறிவிப்பு வரை அலைய நேரும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எழுதும்போதே வீட்டார் கலந்து முடிவு செய்வது நலம் என்பது நம் கருத்து.

மீண்டும் வாக்கரிடம் வருவோம். அப்பெயர் கொண்ட எல்லாரையும் துணி மிதித்தவர் வழியினர் என்று துணிந்துவிடலாகாது. நியூகாசில் நகரில் வாக்கர் என்றே ஒரு பகுதி உண்டு. ரோமப் பேரரசர் ஹேட்ரியன் எழுப்பிய மதிலை ஒட்டிய சதுப்பு நிலம் என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். அங்கிருந்து பெயர்ந்து சென்ற ஒருவரை அயலூரார் ஊர்ப்பெயராலேயே வாக்கர் என்று அழைத்திருந்தால், அவர் தம் வாழ்நாளில் ஒரு முழக் கம்பளியும் மிதித்தறியாதவராக இருந்திருக்கலாம்.