சனியின் காதுகள்

1610 ஜூலையில் கலிலியோ சனியைப் பார்த்தபோது வளையம் எதுவும் தெரியவில்லை. நடுவில் ஒரு பெரிய உருண்டை, இருபுறமும் ஒட்டினாற்போல் இரண்டு சிறிய உருண்டைகள். சுமார் இருபது மடங்கு பெருக்கும் அவருடைய தொலைநோக்கிக்கு அவ்வளவுதான் எட்டியது. 1612-இல் பார்த்தால், அந்தச் சிறிய உருண்டைகளைக் காணோம்! 1616-இல் வேறோர் உருவம்: அண்டாவுக்குக் காது வைத்ததுபோல் இருபக்கமும் இரண்டு வளைவுகள். விடை தெரியாமலேயே 1642-இல் அவர் இறந்தார். ஆனால் தெரிந்ததைத் தெரிந்தபடியே பதிந்துவைத்தார்.

அடுத்து வந்தவர்களும் ஆளுக்கொரு சனியை வரைந்தார்கள். அந்தப் படங்களையெல்லாம் ஒருசேர வைத்துப் பார்த்தவர், ஹாலந்தின் கிறிஸ்டியான் ஹைகன்ஸ். சனியை எங்கும் தொடாமல் சுற்றிலும் தட்டையான ஒரு வளையம் சாய்வாக இருக்கிறது, நாம் பார்க்கும் கோணம் மாறுவதால்தான் உருவம் மாறுகிறது என்று 1659-இல் நூலாக வெளியிட்டார். சனி சூரியனைச் சுற்ற ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டு ஆகிறது. அதில் இருமுறை வளையத்தின் விளிம்பு மட்டும் நம் பக்கம் திரும்பும். 1612-இல் நடந்தது அதுதான்.

எல்லோரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வளையம் கிடையாது, சனிக்குப் பின்னால் இருண்ட துணைக்கோள்கள் இரண்டும் ஒளிரும் துணைக்கோள்கள் இரண்டும் அலைகின்றன என்று ரோமிலிருந்து ஒரு மறுப்பு வந்தது. வழக்கு ஃப்ளாரன்ஸ் நகரத்து அறிஞர் சபைக்குப் போயிற்று. 1660-இல் அவர்கள் செய்த சோதனை, இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். இரண்டு கருத்துகளுக்கும் மாதிரி உருவங்கள் செய்து, நீண்ட கூடத்தின் ஒரு கோடியில் வைத்து, விளக்கொளி பாய்ச்சி, மறுகோடியிலிருந்து தொலைநோக்கியால் பார்த்தார்கள். தாங்கள் பார்த்தது போதாதென்று, இந்தச் சர்ச்சையைப் பற்றி எதுவுமே அறியாத சாதாரண ஆட்களை அழைத்து, கண்ணில் பட்டதை வரையச் சொன்னார்கள். வளைய மாதிரியைப் பார்த்தவர்களில் சிலர் வரைந்தது, நடுவே ஓர் உருண்டையும் பக்கத்தில் இரண்டு உருண்டைகளும்! கலிலியோ கண்டதும் வளையத்தைத்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? விடை முன்பே தெரிந்த கண்ணை அவர்கள் நம்பவில்லை.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1675-இல் வானியலாளர் காசினி வளையத்துக்குள் இடைவெளியைக் கண்டார். வளையம் ஒரே திடப்பொருளாக இருந்தால் நிலைக்காது, எண்ணற்ற துகள்களாகத்தான் இருக்க முடியும் என்று 1850-களில் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கணக்கால் காட்டினார். உட்பகுதி வெளிப்பகுதியைவிட வேகமாகச் சுற்றுவதை 1895-இல் நிறமாலையில் அளந்து வானியலாளர் கீலர் உறுதிசெய்தார். 2004 முதல் 2017 வரை அங்கேயே சுற்றிய காசினி விண்கலம் பனிக்கட்டித் துகள்களாலான வளையத்தை அருகிலிருந்து படம்பிடித்தது. வளையத்தின் வயது பத்துக் கோடி ஆண்டா, சனியின் வயதேதானா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

என் கவலை அந்தப் படங்களைப் பற்றியது. விண்கலத்தின் கேமரா வெவ்வேறு வடிகட்டிகள் வழியே கறுப்பு வெள்ளையில் எடுத்தவற்றை இணைத்துத்தான் வண்ணப்படம் ஆக்குகிறார்கள். வேறுபாடு தெரிவதற்காக நிறத்தைக் கூட்டியிருந்தால் அதையும் குறிப்பிட்டே வெளியிடுகிறார்கள். கைபேசிக்குக் கைபேசி தாவும்போது குறிப்பு உதிர்ந்துவிடுகிறது, நிறம் மட்டும் மிஞ்சுகிறது. அதில் ஊறிய பிள்ளை தொலைநோக்கியில் உண்மையான சனியைப் பார்த்ததும், வெளிர் மஞ்சளாய் இத்துனூண்டு இருக்கிறதே என்று முகம் சுளிக்கிறது. அந்தப் படங்கள்தான் பிள்ளைகளை அறிவியலுக்கு இழுத்துவருகின்றன என்பார்கள், இருக்கலாம். ஆனால் தன் கண்ணில் பட்டதைவிடத் திரையில் வந்ததை நம்பப் பழகிய பிள்ளையிடம் தாளைக் கொடுத்தால், பார்த்ததை வரையாது. படத்தில் கண்டதைத்தான் வரையும். ஃப்ளாரன்ஸ் சோதனைக்கு அப்படி ஒரு கண் எந்த வகையில் பயன்பட்டிருக்கும்?

2025 மார்ச்சில் வளையம் மறுபடி விளிம்பு காட்டியது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரிந்து, 2032 வாக்கில் நன்றாகச் சாய்ந்து தெரியும். முப்பது மடங்கு பெருக்கும் சிறிய தொலைநோக்கியே போதும். பள்ளிகள் அதை மாடிக்குக் கொண்டுபோகட்டும். படத்தைக் காட்டுமுன் பிள்ளைகள் கையில் பென்சிலைக் கொடுக்கட்டும்.