ஃபுல் ஃபிரேம் இல்லாவிட்டால் கல்யாண போட்டோ நன்றாக வராதா?

கல்யாணத்துக்கு போட்டோகிராபரைப் பேசி முடிக்கும்போது முன்பெல்லாம் இரண்டே கேள்விகள்தான். ஆல்பத்தில் எத்தனை ஷீட்? வீடியோ எப்போது கைக்கு வரும்? இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. பெண்ணின் தம்பியோ மாப்பிள்ளையின் நண்பனோ யூடியூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு வந்து கேட்பார்: "அண்ணே, உங்களுது ஃபுல் ஃபிரேம் கேமராதானே?"

'இல்லை' என்று சொன்னால் எதிரில் இருப்பவரின் முகம் மாறுகிறது. 'ஆமாம்' என்று சொல்ல முடியவேண்டும் என்பதற்காகவே, நன்றாக உழைத்துக்கொண்டிருக்கும் கேமராவைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, தவணையில் புதிது வாங்குகிற ஸ்டூடியோக்காரர்கள் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது. தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த ஃபுல் ஃபிரேமில்?

ஃபிலிம் காலத்தில் சுருள் இருந்த இடத்தில் இன்றைய கேமராவில் சென்சார் இருக்கிறது. லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை வாங்கிப் படமாக்குவது அதுதான். பழைய ஃபிலிமின் ஒரு கட்டம் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். சென்சாரும் அதே அளவில் இருந்தால் அது ஃபுல் ஃபிரேம். கடைகளில் 'கிராப் சென்சார்' என்று சொல்லும் ஏ.பி.எஸ்-சி வகையில் அது சுமார் 23.5-க்கு 15.6 மி.மீ. 'மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்' வகையில் இன்னும் சிறியது, 17.3-க்கு 13 மி.மீ. பரப்பளவைக் கணக்கிட்டால் ஃபுல் ஃபிரேம் சென்சார், ஏ.பி.எஸ்-சியைவிட இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல் பெரியது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு.

'ஃபுல்' என்று பெயர் வைத்துவிட்டதால் மற்றதெல்லாம் அரைகுறை என்று தோன்றுகிறது. பெயர் செய்கிற வேலை அது!

குட்டி கேமராவின் கதை

உண்மையில் இந்த 36-க்கு 24 என்பதே ஒரு காலத்தில் குட்டி அளவுதான். ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த ஆஸ்கர் பார்னாக்குக்கு ஆஸ்துமா. கண்ணாடித் தகடு போட்டு எடுக்கும் கனமான கேமராவைச் சுமந்து நடக்க அவரால் முடியவில்லை. சினிமாவுக்குப் பயன்படும் 35 மி.மீ. ஃபிலிமில் ஸ்டில் படம் எடுக்கிற சின்னக் கேமரா ஒன்றைச் செய்தார். 1925-ல் 'லைக்கா' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. பெரிய நெகட்டிவ்களுக்குப் பழகிய பலருக்கு அது விளையாட்டுச் சாமானாகத்தான் தெரிந்தது. அந்த விளையாட்டுச் சாமானைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஹென்றி கார்டியர் பிரஸ்ஸோன் உலகம் சுற்றினார். 1948-ல் டெல்லியில் காந்தியின் இறுதி ஊர்வலத்தைப் படமெடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

டிஜிட்டல் கதையும் இதே மாதிரிதான். 1999-ல் வந்த நிக்கான் டி1, தொழில்முறைப் புகைப்படக்காரர்களுக்கென்றே செய்த கேமரா. அதில் இருந்தது ஏ.பி.எஸ்-சி அளவு சென்சார், பிக்சல் வெறும் 27 லட்சம். 2007-ல் டி3 வரும்வரை நிக்கானிடம் ஃபுல் ஃபிரேம் டிஜிட்டல் கேமராவே கிடையாது. அந்த எட்டு வருடங்களில் நிக்கான் டிஜிட்டல் கேமரா வைத்திருந்தவர்கள் எடுத்த கல்யாணம், கிரிக்கெட், தேர்தல் கூட்டம் எல்லாமே சின்ன சென்சாரில் பதிவானவை. வீட்டில் அந்தக் காலத்து டிஜிட்டல் ஆல்பம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். சென்சார் சிறியது என்று யாராவது அன்றைக்குக் குறை சொன்னார்களா?

இருட்டு மண்டபம்

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. அது தெரியும் இடம் இருட்டு.

விடியற்காலை முகூர்த்தம். கோயிலில் கல்யாணம். "ஃபிளாஷ் போடாதீங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். குத்துவிளக்கு, தூரத்தில் ஒரு டியூப் லைட், நடுவில் ஹோமப் புகை. கெட்டிமேளம் முழங்குகிறது, சொந்தக்காரர்கள் அட்சதையோடு கை நீட்டுகிறார்கள், மூன்று முடிச்சும் சில விநாடிகளில் முடிந்துவிடும். கை அசைவு கலங்காமல் வர ஷட்டர் வேகம் வேண்டும். அதற்கு ஐ.எஸ்.ஓ.வை ஏற்றவேண்டும். ஏற்றினால் பெண்ணின் கறுப்புக் கூந்தலிலும் அரக்குப் பட்டிலும் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் விழும். ஒரே காலத்தில் வந்த இரண்டு கேமராக்களை ஒப்பிட்டால், ஏ.பி.எஸ்-சியில் ஐ.எஸ்.ஓ. 6400-ல் தெரியும் புள்ளிகள் ஃபுல் ஃபிரேமில் 12800-ஐத் தாண்டினால்தான் அதே அளவுக்குத் தெரியும். ஃபுல் ஃபிரேமின் ஆதாயம் இதுதான். சின்னதல்ல, ஆனால் கடைக்காரர் சொல்கிற அளவுக்குப் பெரிதும் அல்ல.

இனி லென்ஸுக்கு வருவோம். கேமராவோடு சேர்த்துக் கொடுக்கும் கிட் லென்ஸை முழுதாக ஜூம் செய்தால் அதன் திறப்பு பெரும்பாலும் எஃப் 5.6. அதைக் கழற்றிவிட்டு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை மாட்டினால் உள்ளே வரும் வெளிச்சம் கிட்டத்தட்ட பத்து மடங்கு! சென்சாரை மாற்றினால் கிடைப்பது இரண்டேகால் மடங்கு. பத்து மடங்கு தரும் அந்த 50 மி.மீ. லென்ஸோ, பல கம்பெனிகளின் பட்டியலில் விலை குறைந்தவற்றில் ஒன்று.

ஃபுல் ஃபிரேமில் அதே 1.8-ஐ மாட்டினால் இன்னும் நன்றாக வருமே என்று கேட்கலாம். வரும். ஆனால் பாடியை வாங்கிய கையோடு பணம் தீர்ந்துபோய், கிட் லென்ஸோடு மண்டபத்துக்கு வருகிறவர், கடன் பட்டு வாங்கிய ஆதாயத்தை அந்தச் சின்னத் துவாரத்திலேயே தொலைத்துவிடுகிறார். (1.8-ல் எடுக்கும்போது பெண்ணின் முகத்துக்கு ஃபோகஸ் வைத்தால் ஓரடி பின்னால் இருக்கும் மாப்பிள்ளை மங்கிப்போகலாம். அது தனிப் பாடம்.)

ஆல்பம் எவ்வளவு கேட்கும்?

ஆல்பத்தின் ஒரு பக்கம் 12-க்கு 18 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று நல்ல தரத்தில் அச்சடிக்க சுமார் 1 கோடியே 94 லட்சம் பிக்சல் போதும். 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்-சி கேமரா தருவது 2 கோடியே 40 லட்சம். ஒரு முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினால் ஒழிய அச்சில் குறை தெரியாது. ஃபேமிலி குரூப்பில் வந்து சேரும் படத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஃபுல் ஹெச்.டி. போன் திரை மொத்தமே 20 லட்சம் பிக்சல்தான்.

சினிமாத் திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபஹத் ஃபாசில் நடித்து 2011-ல் வந்த 'சாப்பா குரிசு' மலையாளப் படம், கேனான் 7டி என்ற ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்டது. அதில் இருப்பதும் ஏ.பி.எஸ்-சி சென்சார்தான். தமிழில் 'புலிவால்' என்று மறுபடி எடுத்தார்களே, அந்தக் கதைதான். பறவைகளைப் படமெடுப்பவர்களோ சின்ன சென்சாரை விரும்பியே வாங்குகிறார்கள். அதில் 300 மி.மீ. லென்ஸை மாட்டினால் ஃபுல் ஃபிரேமில் 450 மி.மீ. லென்ஸ் காட்டுகிற அளவுக்குப் பறவை கிட்டத்தில் தெரியும்.

ஃபிளாஷ் அனுமதிக்காத கோயில் கல்யாணங்களும், மேடையை மட்டும் வெளிச்சமாக வைத்திருக்கும் சபா நடன நிகழ்ச்சிகளும்தான் ஒருவருக்குப் பிழைப்பு என்றால், அவர் ஃபுல் ஃபிரேம் வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. போட்ட பணத்தை அந்தக் கேமரா சம்பாதித்துக் கொடுக்கும். காதுகுத்து, வளைகாப்பு, மண்டபக் கல்யாணம், பள்ளி ஆண்டு விழா என்று ஓடுகிறவருக்கு அந்தப் பணத்தில் வாங்க வேறு சாமான்கள் இருக்கின்றன. பளிச்சென்ற ஒரு லென்ஸ், கூரையில் அடித்துத் திருப்பும் ஒரு ஃபிளாஷ். எல்லாவற்றுக்கும் முன்னால், இரண்டாவதாக ஒரு கேமரா. முகூர்த்த நேரத்தில் இருக்கிற ஒரே கேமரா நின்றுபோனால், அது எவ்வளவு பெரிய சென்சாராக இருந்தும் பயனில்லை.

கல்யாண வீட்டுக்காரர்கள் கேட்கவேண்டிய கேள்வியும் வேறு. "போன மாசம் எடுத்த ஒரு கல்யாணத்தோட மொத்தப் படத்தையும் காட்டுங்க." இன்ஸ்டாகிராமுக்காகப் பொறுக்கியெடுத்த ஒன்பது படம் எல்லோரிடமும் அழகாகத்தான் இருக்கும். முகூர்த்த நேரத்துப் படங்களைத் தேடிப் பெரிதாக்குங்கள். மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் மடிப்பு தெரிகிறதா, பெண்ணின் கூந்தலில் பூவும் முடியும் பிரிந்து தெரிகிறதா, பின்வரிசையில் நிற்கும் பாட்டியின் முகம் அடையாளம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், கேமராவின் பெயரைக்கூடக் கேட்காமல் அட்வான்ஸைக் கொடுத்துவிடலாம்.