தோளைத் தின்னும் தூரம்

கைல் சால்மர்ஸ் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் தங்கம் வென்றபோது அவருக்கு 18 வயது. அந்த ஆஸ்திரேலிய வீரர் 2020 கடைசியில் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தது. சில மாதங்கள் கழித்து டோக்கியோவில் மீண்டும் இறுதிப் போட்டிக்கு வந்து, 47.08 வினாடியில் வெள்ளி வென்றார். தங்கம் 0.06 வினாடியில் கைநழுவியது.

நீச்சலில் யாரும் யார்மீதும் மோதுவதில்லை, தரையில் விழுவதுமில்லை. தோளைக் கெடுப்பது தூரம்தான்.

தோள்மூட்டின் குழி ஆழமற்றது. அதில் சுழலும் எலும்பின் உருண்டைத் தலையை நான்கு சிறு தசைகள் பிடித்து நிறுத்துகின்றன. கிலோமீட்டர் கணக்கில் நீந்திக் களைத்ததும் அந்தப் பிடி தளர்கிறது. பளு தசைநாண்களில் ஏறுகிறது. அவை தடித்து வலிக்கின்றன. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், 80 இளம் முன்னணி வீரர்களில் 91 சதவீதம் பேருக்குத் தோள்வலி இருந்தது. வாரம் 35 கிலோமீட்டருக்கு மேல் நீந்தியவர்களிடம் தசைநாண் பாதிப்புக்கான வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. வலியைப் பொறுத்து நீந்துவதே வீரம் என்று பிள்ளைகளை விரட்டும் பயிற்சியாளர்கள் இந்தக் கணக்கை அவசியம் பார்க்க வேண்டும்.

கை நீரில் இறங்கும் விதமும் முக்கியம். கட்டைவிரல் முதலில் இறங்கினால் தோள் உட்புறமாகத் திருகும். விரல்நுனிகள் முதலில் இறங்குவதே நல்லது. உடம்பை இரு பக்கமும் உருட்டி நீந்தினால் தோளின் சுமை குறையும். ரப்பர் பட்டையை இழுத்துத் தோளையும் முதுகின் மேல்பகுதியையும் வலுவாக்கும் பயிற்சியைக் கரையிலேயே செய்யலாம்.

தோளைத் தவிர, பிரெஸ்ட்ஸ்ட்ரோக் வீரர்களுக்குப் பாதிக்கப்படுவது முழங்காலின் உள்பக்கம். காலை அகட்டி உதைக்கும்போது அங்குள்ள மூட்டுநார் இழுபடுகிறது. பட்டர்ஃபிளையில் கீழ்முதுகு.

தோளில் வலி வந்ததும் நீச்சலையே நிறுத்த வேண்டியதில்லை. தூரத்தைக் குறைத்து, கைகளை உடலோடு ஒட்டி வைத்துக் காலால் மட்டும் உதைத்து நீந்தலாம். மிதவைப் பலகையை முன்னால் நீட்டிப் பிடித்தால் தோளுக்கு ஓய்வு கிடைக்காது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. இரவில் தூக்கம் கெடும் அளவுக்கு வலித்தால் விளையாட்டு மருத்துவரிடம் போக வேண்டும். மாத்திரை போட்டுக்கொண்டு குளத்தில் இறங்கினால் வலி தெரியாது, பாதிப்பு வளரும். தேறிய பிறகு தூரத்தை வாரவாரம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வந்து, தோளுக்கு அதிகப் பளு தரும் கைத்துடுப்புகளைக் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும்.