ஹிட்லர் இல்லாத உலகின் போர்
அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் இயங்கிய வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் நிறுவனம் 1996இல் வெளியிட்ட 'கமாண்ட் அண்ட் கான்கர்: ரெட் அலர்ட்' என்னும் கணினி விளையாட்டு, காலப்பயணம் செய்யும் ஐன்ஸ்டைன் 1924ஆம் ஆண்டுக்குச் சென்று, லான்ஸ்பெர்க் சிறையிலிருந்து வெளிவரும் ஹிட்லருடன் கைகுலுக்கி, அவரை வரலாற்றிலிருந்தே மறையச் செய்வதில் தொடங்குகிறது. ஹிட்லர் நீங்கியும் அமைதி வரவில்லை. தடுப்பாரின்றி வலுத்த ஸ்டாலினின் சோவியத் படைகள் ஐரோப்பா மீது பாய்கின்றன.

எதிரெதிர் தரப்பினர் முறை வைத்துக் காய் நகர்த்தாமல் ஒரே நேரத்தில் இயங்கும் 'நிகழ்நேர வியூக விளையாட்டு' வகையைச் சேர்ந்த இதில், ஆட்டக்காரர் கனிமத்தை வெட்டியெடுத்துப் பணமாக்கி, மின்நிலையமும் ஆயுத ஆலையும் எழுப்பி, படை திரட்ட வேண்டும். பகைவரை மின்னல்போல் தாக்கும் டெஸ்லா கோபுரம்கூட மின்சாரம் குறைந்தால் செயலற்று நிற்கும் என்பதால், போர்த்திறனுக்கு இணையாகப் பொருளாதாரத் திட்டமிடலும் வெற்றியைத் தீர்மானித்தது.

2000இல் வந்த இரண்டாம் பாகம், அமெரிக்கா மீதான சோவியத் படையெடுப்பையும் மனவசியத்தால் பகைவரை ஆட்டுவிக்கும் யூரியையும் கொண்டு, பனிப்போர்க்கால அச்சங்களை நையாண்டியாக்கியது. தொடரின் உச்சம் இதுவே எனலாம். வெஸ்ட்வுட் 2003இல் மூடப்பட்ட பின், எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2008இல் வெளியிட்ட மூன்றாம் பாகத்தில், சோவியத் தலைவர்கள் 1927ஆம் ஆண்டின் பிரஸ்ஸல்ஸுக்குச் சென்று ஐன்ஸ்டைனையே அழிக்க, அணுகுண்டு தோன்றாத உலகில் ஜப்பானியப் பேரரசு மூன்றாவது வல்லரசாக எழுகிறது. கேலி அதில் சற்று மிகையானது. முதல் பாகத்தின் புதுப்பித்த பதிப்பு 2020இல் வெளியானது.