தொண்டும் தன்னை அறிதலும்

மனிதன் தன்னை யாரென்று விசாரிக்கத் தொடங்கும் பருவங்களுள் கல்லூரிப் பருவம் பிரதானமானது. பெற்றோர் இட்ட பெயரும், தாயிடம் கற்ற மொழியும், பிறந்த குலமும், வளர்ந்த ஊரும் கேளாமலே நம்மிடம் வந்து சேர்ந்தவை. அவற்றுள் எதனையும் நாம் முயன்று ஈட்டவில்லை. அப்படியானால் என்னுடையது என்று நான் துணிந்து சொல்லிக்கொள்ளத் தக்கது எது என்ற கேள்வி, வீட்டை விட்டு விடுதியில் தங்கிப் பயிலும் ஒவ்வொரு மாணவர் உள்ளத்திலும் ஏதேனும் ஓர் இரவில் எழுந்தே தீரும். இரண்டாம் ஆண்டு பயிலும் எனக்கு அக்கேள்விக்குரிய விடையின் ஒரு பகுதியையேனும் காட்டியது, நாட்டு நலப்பணித் திட்டம் என்னும் மாணவர் தொண்டு அமைப்பு.

கற்றவர் சமுதாயத்துக்குக் கடன்பட்டவர் என்ற கருத்து நம் நாட்டில் நெடுங்காலம் ஆலோசிக்கப்பட்ட பின்னரே இந்த அமைப்பாக உருப்பெற்றது. டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர்கள் தாமே விரும்பித் தேச சேவையில் ஈடுபட வேண்டுமென்று பரிந்துரைத்தது. பட்டம் பெறுவதற்குச் சமூக சேவையை ஒரு நிபந்தனையாக்கலாம் என்ற யோசனையைப் பிரதமர் நேரு 1958இல் மாநில முதலமைச்சர்களுக்கு எழுதினார். மறு ஆண்டில் சி. டி. தேஷ்முக் தலைமையில் ஒரு குழு அதனை ஆராய்ந்தது. இறுதியாக, காந்தியடிகளின் நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், மத்தியக் கல்வி அமைச்சர் டாக்டர் வி. கே. ஆர். வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களைக் கொண்டு இத்திட்டத்தைத் தொடங்கி வைத்தார். நிபந்தனையாக்க நினைத்தது விருப்பப் பணியாக முடிந்தது நன்மையே என்பது என் அபிப்பிராயம். மனம் ஒவ்வாமல் செய்யும் உபகாரத்தை ஏற்பவரும் சங்கோசத்தோடுதான் ஏற்பார்.

இதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக, இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். கல்லூரி தத்தெடுத்த ஒரு கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமிலும் தங்க வேண்டும். அவர் அணியும் சின்னத்தில் ஒடிசாவின் கோனார்க் சூரியன் கோயில் தேர்ச்சக்கரம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதன் எட்டு ஆரங்கள் ஒரு நாளின் 24 மணி நேரத்தைக் குறிப்பன. காலையில் கண்மாய்க் கரையில் சீமைக் கருவேலம் வெட்டுவதும், தெருக்களைத் துப்புரவு செய்வதும், பிற்பகலில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுப்பதும், மாலையில் ஊர்மக்கள் கூடக் கலை நிகழ்ச்சி நடத்துவதும், இரவில் பள்ளிக்கூடத் தரையில் வரிசையாகப் படுத்துறங்குவதுமாக முகாமின் நாட்கள் கழியும்.

இவற்றுள் என்னை மாற்றியது வீடு வீடாகச் சென்ற பணியே. முதல் நாள் ஒரு திண்ணையில் அமர்ந்திருந்த மூதாட்டி, "எந்த ஊரு தாயி? யாரு வீட்டுப் பிள்ளை?" என்று வினவினார். அன்பாகக் கேட்ட அக்கேள்விக்குள்ளே ஜாதியை அறியும் ஆவலும் அடங்கியிருந்ததை நான் உணர்ந்தேன். முதியோர் உதவித்தொகைக்கு அவருக்கு மனு எழுதிக் கொடுத்தேன், அடுத்தடுத்த நாட்களில் அக்கம்பக்கத்தார் குடும்ப அட்டையையும் ஆதார் அட்டையையும் எடுத்துக்கொண்டு, "மனு எழுதுற பிள்ளை எங்கே?" என்று கேட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வரலாயினர். என் குலமோ ஊரோ அவ்வழைப்பில் இல்லை. என் கைகள் செய்த வேலையே எனக்குப் பெயராயிற்று. பிறரால் தேடப்படும் ஒரு பயனாக நாம் அமையும்போதுதான் நமக்கென்று ஓர் அடையாளம் உண்டாகிறது என்பதை அன்று பிரத்தியட்சமாகக் கண்டேன்.

வீடு வீடாகச் சென்ற அதே பணியில் வேறொன்றையும் கண்டேன். ஊர் ஓரிடத்திலும், ஒடுக்கப்பட்ட ஜாதியார் வாழும் காலனி சற்றுத் தொலைவில் வேறிடத்திலும் இருந்தன. பல ஜாதிகளில் பிறந்த நாங்கள் ஒரே உலையில் வெந்த சோற்றை ஒரே பந்தியில் உண்டோம் என்பது மகிழத்தக்கதே. ஆயினும், எங்கள் ஏழு நாள் பந்தி அந்த இடைவெளியைப் போக்கிவிட்டதாக நினைப்பது பேதைமை. கணக்கெடுப்பைக் காலனியிலிருந்து தொடங்குவது, அங்குள்ளோர் மனுக்களை முதலில் எழுதுவது, ஊர்ப் பிள்ளைகளும் காலனிப் பிள்ளைகளும் ஒரே மேடையில் ஆடிப்பாடும்படி நிகழ்ச்சியை அமைப்பது ஆகிய சிறு காரியங்களே எங்களால் இயன்றன. அவற்றைச் சிரத்தையோடு செய்வது எங்கள் கடமையாயிற்று.

சமுதாயப் பணியின் வாயிலாக மாணவரின் ஆளுமையை வளர்ப்பதே இத்திட்டத்தின் தலையாய நோக்கம் என்று வகுத்திருக்கிறார்கள். மாணவர் வளர்வது நன்று. ஆனால் நம்மை வளர்த்த கிராமம் பழைய நிலையிலேயே கிடக்குமானால், நாம் கல்விக் கட்டணம் செலுத்தாமல் அங்கே பாடம் கற்றவர்களாவோம். நட்ட கன்றுக்குக் கோடையில் நீர் ஊற்றுவார் யார், எழுதிய மனு தாலுகா அலுவலகத்தில் எந்நிலையில் இருக்கிறது என்று பின்னர் விசாரியாத தொண்டு, சான்றிதழோடு முடிந்துபோகும். ஒவ்வொரு முகாமும் ஒரு குறிப்பேட்டை அடுத்த ஆண்டு மாணவர்களிடம் ஒப்படைத்து, முடியாத காரியங்களை அவர்கள் தொடருமாறு செய்தல் வேண்டும்.

கல்லூரியில் காலடி வைக்கும் தம்பி தங்கைகளே, இவ்வமைப்பில் சேருங்கள். முகாம் முடிந்த பிறகும் அந்தக் கிராமத்துக்குச் சென்று, எழுதிய மனுவுக்குப் பயன் கிட்டியதா என்று கேளுங்கள். பெற்றோர்களே, படிப்புக் கெடும் என்று அஞ்சி அவர்களைத் தடுக்காதீர்கள், இதுவும் படிப்பே.