மீனைப் பிடி, கணக்கைக் கொடு!
கனடா விடுதிகளுக்கு அரசாங்கம் போட்ட கட்டுப்பாடு

பசிபிக் கடலின் சால்மன் மீன் கதை விந்தையானது. குளிர்ந்த ஆற்றில், கூழாங்கற்களுக்கு இடையே அது பிறக்கிறது. பிறகு கடலுக்குப் போய் வளர்கிறது. சில ஆண்டுகள் கழித்துப் பிறந்த ஆற்றைத் தேடி வருகிறது. அந்தத் தண்ணீரின் வாசனைதான் அதற்கு வழிகாட்டி! முட்டையிட்டதும் உயிரை விட்டுவிடுகிறது.

திரும்பும் வழியில் அது தூண்டிலில் சிக்கிவிட்டால்? அந்த ஆற்றில் அடுத்த தலைமுறை குறைந்து போகும்.

இதனால்தான் கனடா அரசாங்கத்துக்கும் மீன்பிடி விடுதிகளுக்கும் இடையே ஓயாத பேச்சு நடக்கிறது.

'தலைவன்' மீன்

கனடாவின் மேற்குக் கரையில் உள்ளது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். அங்கே வான்கூவர் தீவு, ஹைடா குவாய் தீவுகள் முதலிய இடங்களில் மீன்பிடி விடுதிகள் உண்டு. சாலை இல்லாத இடங்களுக்கு விருந்தினர் கடல் விமானத்தில் வந்து இறங்குவார்கள். சில நாள் தங்குவதற்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுப்பார்கள். படகு, வழிகாட்டி, சாப்பாடு எல்லாம் விடுதியின் பொறுப்பு.

அவர்கள் ஆசைப்படுவது 'சினூக்' என்ற பெரிய சால்மனுக்கு. 30 ராத்தலுக்கு மேல் எடை இருந்தால் அதற்கு 'டையீ' என்று பெயர். 'தலைவன்' என்று பொருள்!

சீட்டு உண்டா?

பணம் கொடுத்தவர்கள் இஷ்டம்போல் பிடித்துவிட முடியாது. மத்திய அரசாங்க மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். சால்மனை எடுத்துச் செல்லத் தனி முத்திரையும் வாங்க வேண்டும். சினூக்கை வைத்துக்கொண்டால் அந்த நிமிடமே பதிவு செய்ய வேண்டும்.

கணக்கெடுப்பவர்கள் படகுத் துறையில் நின்று விசாரிப்பார்கள். விமானத்தில் பறந்து படகுகளை எண்ணுவார்கள். விடுதிகளின் பதிவேடுகளும் கணக்கில் சேரும். 2012 முதல், சீட்டு வாங்கியவர்களிடம் இணையம் வழியாகவும் கேட்கிறார்கள்.

பிடித்துத் திரும்ப விட்ட மீனையும் சொல்ல வேண்டும். ஏன் தெரியுமா? முள் குத்திய மீன் எல்லாம் பிழைத்துவிடுவதில்லை.

தலை சொல்லும் சேதி

கடலில் பல ஆறுகளின் மீன்கள் கலந்து திரிகின்றன. எந்த மீன் எந்த ஆற்றுக்குச் சொந்தம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

அதற்கு ஒரு வழி கண்டார்கள். பண்ணையில் பொரித்த குஞ்சுகள் சிலவற்றின் மூக்கில் சுமார் 1 மில்லிமீட்டர் நீளக் கம்பித் துண்டைச் செலுத்துகிறார்கள். அதில் அடையாளக் குறி இருக்கும். முதுகில் வாலுக்கு அருகே உள்ள சிறு துடுப்பையும் வெட்டிவிடுகிறார்கள். அந்தத் துடுப்பு இல்லாத மீன் கிடைத்தால் தலையை மட்டும் ஒப்படைத்தால் போதும். கம்பியை எடுத்துப் பார்த்து, மீனின் ஊரையும் வயதையும் சொல்லிவிடுவார்கள்!

30 போய் 10 வந்தது

ஃபிரேசர் என்ற பெரிய ஆற்றின் சினூக் இனங்களில் 13-ஐ நிபுணர் குழு ஒன்று ஆராய்ந்தது. 2018-இல் முடிவு வந்தது. ஆபத்து இல்லாதது ஒன்றே ஒன்றுதான்!

2019 ஏப்ரலில் அரசாங்கம் உத்தரவு போட்டது. ஒருவர் ஆண்டுக்கு 30 சினூக் வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது 10 ஆயிற்று. தெற்குக் கடல் பகுதிகளில், ஜூலை நடுப்பகுதி வரை சினூக்கை எடுத்துச் செல்லவே கூடாது என்றார்கள்.

விடுதிக்காரர்கள் கொதித்தார்கள். சில மாதமே நடக்கும் தொழில். விருந்தினர் வராவிட்டால் படகோட்டிக்கும் சமையல்காரருக்கும் வேலை ஏது? "துடுப்பு வெட்டிய பண்ணை மீனையாவது பிடிக்க விடுங்கள்" என்பது தூண்டில்காரர்களின் கோரிக்கை.

அரசாங்கத்தின் சங்கடமும் சிறியதல்ல. மீனைக் காப்பது முதல் கடமை. அதற்கு அடுத்தபடி, உணவுக்காக மீன் பிடிக்கும் பழங்குடி மக்களின் உரிமை. 1990-இல் சுப்ரீம் கோர்ட்டு இதை உறுதி செய்தது. பொழுதுபோக்குத் தூண்டிலின் முறை பிறகுதான்.

கணக்கு யாருக்கு லாபம்?

உண்மைக் கணக்கைக் கொடுத்தால் தடை வருமோ என்று விடுதிக்காரர் அஞ்சலாம். ஆனால் எந்த ஆற்று மீன் எங்கே, எப்போது வருகிறது என்று தெரிந்தால், நலிந்த இனம் வரும் காலத்தில் மட்டும் நிறுத்தி, மற்ற நாளில் அனுமதிக்க முடியும். கணக்கே இல்லாவிட்டால் எல்லோருக்கும் சேர்த்துத்தான் கதவை மூட வேண்டியிருக்கும்.

ஆற்றுக்கு மீன் திரும்பினால்தான் விடுதிக்கு ஆள் திரும்புவார்கள்.