கோப்பும் நினைவகமும் ஒரே ஓடையாகத் திறத்தல்

மழைமானியில் சேர்ந்த நீரை நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து, மில்லிமீட்டர்க் கணக்கில் பதிவேட்டில் குறிப்பது நம் நாட்டு வானிலை நிலையங்களின் நடைமுறையாகும். காகிதப் பதிவேட்டில் இன்று ஒரு வரி எழுதுவதனால் நேற்றைய வரி அழிந்துவிடுவதில்லை. ஆயின், அதே பதிவேட்டைக் கணிப்பொறியில் ஏற்றி, நாளுக்கொரு வரி சேர்க்கும் நிரலைச் சி மொழியில் எழுதுங்கால், ஒரேயோர் எழுத்து மாறிப்போனாலும் பல ஆண்டுகளின் பதிவு முழுவதும் ஒரு நொடியில் வெறுமையாகிவிடக் கூடும். அஃது எங்ஙனம் நேர்கிறது என்பதையும், நினைவகத்தின் ஒரு பகுதியையே கோப்பைப் போல் திறந்து, உண்மைப் பதிவேட்டைத் தொடாமலே நிரலைச் சோதிக்கும் முறை யாது என்பதையும் ஈண்டு விளக்குவோம்.

ஓடை என்பது யாது?

சி மொழி அமெரிக்காவிலுள்ள பெல் ஆய்வுக்கூடத்தில் 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிட்சி என்பவரால் உருவாக்கப்பட்டது. அங்கேயே மைக் லெஸ்க் என்பவர் அமைத்த உள்ளீட்டு-வெளியீட்டு நூலகம், இன்று நாம் உபயோகிக்கும் நூலகத்திற்கு அடிப்படையாயிற்று. 1989-இல் அமெரிக்கத் தரமும், 1990-இல் சர்வதேசத் தரமும் இம்மொழிக்கு ஏற்பட்டன.

இந்நூலகத்தின் மூலக் கருத்து 'ஸ்ட்ரீம்' எனப்படும் ஓடையாகும். வாய்க்காலின் கடைமடையில் நீர் பாய்ச்சும் உழவர், அந்நீர் ஏரியிலிருந்து வருகிறதா, கிணற்றிலிருந்து வருகிறதா என்று அறிந்திருக்க வேண்டியதில்லை. மடையைத் திறக்கவும் மூடவும் தெரிந்தால் போதும். அதுபோலவே, ஓடையிலிருந்து பைட்டுகளைப் படிக்கும் நிரற்பகுதி, அவை வட்டிலிருந்து வருகின்றனவா, விசைப்பலகையிலிருந்து வருகின்றனவா, நினைவகத்திலிருந்து வருகின்றனவா என்பதை அறிய வேண்டியதில்லை.

கோப்பை ஓடையாகத் திறப்பது 'எஃப்-ஓப்பன்' என்னும் செயற்கூறு. கோப்பின் பெயரையும் திறக்கும் முறையையும் அதற்குக் கொடுத்தால், ஓடையைக் குறிக்கும் ஒரு சுட்டினை அது திருப்பித் தரும். கோப்பு இல்லாமற் போனாலோ, அனுமதி மறுக்கப்பட்டாலோ, வெற்றுச் சுட்டினைத் தரும். ஆதலின் திறந்தவுடன் சுட்டு வெறுமையா என்று பார்ப்பதே முதற்கடமை. வெற்றுச் சுட்டின் வழியே படிக்க முற்படும் நிரல் பெரும்பாலும் நடுவழியிலே முறிந்து நின்றுவிடும்.

திறக்கும் முறைகள்

திறக்கும் முறையை ஓர் எழுத்தினால் குறிப்பது வழக்கம். 'ஆர்' என்பது படிப்பதற்கு. கோப்பு முன்னரே இருத்தல் வேண்டும். 'டபிள்யூ' என்பது எழுதுவதற்கு. கோப்பு இல்லையேல் புதிதாக உண்டாகும், இருந்தாலோ அதன் உள்ளடக்கம் முழுவதும் திறந்த கணத்திலேயே அழிக்கப்படும். ஓர் எழுத்தும் எழுதாமல் மூடினாலும் அழிந்தது அழிந்ததேயாம். 'ஏ' என்பது சேர்ப்பதற்கு. எழுதுவன எல்லாம் கோப்பின் இறுதியிலேயே சென்று சேரும். மழைப் பதிவேட்டிற்கு உரியது இம்மூன்றாவது முறையே. மேலே கூறிய பேரிழப்பு, 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'டபிள்யூ' இருப்பதனால் விளைவதாகும்.

2011-ஆம் ஆண்டுத் தரத்தில் 'எக்ஸ்' என்னும் துணைக்குறி சேர்க்கப்பட்டது. 'டபிள்யூ'வுடன் இதனைச் சேர்த்து எழுதினால், அப்பெயரில் கோப்பு முன்னரே இருப்பின் திறத்தல் தோல்வியுறும். பழைய பதிவு பிழைக்கும். கூட்டற்குறி சேர்ப்பின் படித்தல், எழுதுதல் இரண்டும் இயலும். ஆயினும் எழுதியபின் படிக்கத் தொடங்குமுன் ஓடையை வெளியேற்றுதலோ, இடத்தை மாற்றியமைத்தலோ அவசியம்.

'பி' என்பது பைட்டுகளை உள்ளவாறே கையாளும் குறி. விண்டோஸ் அமைப்பில், உரைக் கோப்பின் வரி முடிவு 13, 10 ஆகிய இரு பைட்டுகளாக எழுதப்படும். படிக்கையில் 26 என்னும் பைட்டு கோப்பின் முடிவாகக் கொள்ளப்படும். படங்கள், கருவிப் பதிவுகள் போன்றவற்றை இக்குறியின்றித் திறப்பின் அவை சிதையும். யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் இவ்வேறுபாடு இல்லை.

இடையகமும் அதன் விளைவும்

அஞ்சலகத்தில் ஒவ்வொரு கடிதத்திற்கும் தனித்தனியே வண்டி ஓடுவதில்லை; பை நிறைந்தபின் கட்டி அனுப்புவர். அவ்வாறே, நாம் எழுதும் பைட்டுகள் உடனுக்குடன் வட்டினைச் சென்றடையாமல், இடையகம் என்னும் நினைவகப் பகுதியில் சேர்ந்து, நிறைந்தபின் இயக்க அமைப்பிடம் ஒப்படைக்கப்படுகின்றன. இதனால் வேகம் கூடுகிறது. ஆனால் ஒரு விளைவையும் கவனித்தல் வேண்டும். வட்டில் இடமில்லை என்னும் தவறு, எழுதும் கட்டளையில் தோன்றாமல், ஓடையை மூடும் 'எஃப்-குளோஸ்' செயற்கூற்றில்தான் வெளிப்படக்கூடும். மூடுதலின் விடையைப் பாராத நிரல், பதிவு சேர்ந்தது என்று நம்பி ஏமாறும்.

'எஃப்-பிளஷ்' என்பது இடையகத்தில் உள்ளதை இயக்க அமைப்பிடம் தள்ளும். இயக்க அமைப்போ தன்னிடம் வந்ததை உடனே வட்டில் எழுதிவிடுவதில்லை. மின்சாரம் தடைப்படினும் பதிவு நிலைக்க வேண்டுமாயின், யூனிக்ஸ் வழி அமைப்புகளில் 'எஃப்-சிங்க்' என்னும் கட்டளையும் வேண்டும்.

நினைவகத்தையே ஓடையாக்குதல்

மழைப் பதிவைப் படித்து மாதக் கூட்டுத்தொகை காணும் செயற்கூறு ஒன்றை எழுதுவதாகக் கொள்வோம். அதற்குக் கோப்பின் பெயரைக் கொடுக்காமல், திறந்த ஓடையின் சுட்டினைக் கொடுக்குமாறு அமைத்தல் நன்று. அங்ஙனம் அமைப்பின், உண்மைக் கோப்புக்குப் பதிலாக நினைவகத்திலுள்ள சில வரிகளையே அதற்கு ஊட்டிச் சோதிக்கலாம். வெற்று வரி, அளவு விடுபட்ட வரி, வரிமுடிவின்றி நிற்கும் கடைசி வரி முதலியவற்றை ஒவ்வொன்றாகத் தந்து விடையைச் சரிபார்க்கலாம்.

இதற்கு உதவுவது 'எஃப்-மெம்-ஓப்பன்'. நினைவகப் பகுதியின் முகவரி, அதன் அளவு, திறக்கும் முறை ஆகிய மூன்றும் அதற்கு வேண்டும். இது சி மொழியின் தரத்தைச் சேர்ந்ததன்று. 2008-ஆம் ஆண்டின் போசிக்ஸ் தரத்தில் இடம்பெற்றது. ஆகவே லினக்ஸ் போன்ற அமைப்புகளில் கிடைக்கும். எல்லா இடத்தும் கிடைக்கும் என்று எண்ணலாகாது.

அளவைக் கணக்கிடுவதில் கவனம் வேண்டும். 'தமிழ்' என்னும் சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூ.டி.எஃப்-8 முறையில் அது ஐந்து குறியீடுகளாக, ஒவ்வொன்றும் 3 பைட்டாக, மொத்தம் 15 பைட்டு கொள்ளும். சி மொழி இறுதியில் வைக்கும் சுழிப் பைட்டையும் சேர்த்தால் 16. படிப்பதற்காகத் திறக்கையில் 16 எனக் கொடுப்பின், அச்சுழிப் பைட்டும் உரையின் பகுதியாகவே படிக்கப்படும். ஆகையால் 15 என்றே கொடுத்தல் வேண்டும். எழுதும்போதோ சுழிக்கும் இடம் விட்டு 16 ஒதுக்குதல் வேண்டும். கொடுத்த அளவிற்கு மேல் எழுத முற்பட்டால் அண்டையிலுள்ள நினைவகம் கெடாது. இடமில்லை என்னும் தவறே எழும். இவ்வோடைக்கும் இடையகம் உண்டாதலின், அத்தவறும் வெளியேற்றும்போதோ மூடும்போதோதான் தெரியவரும்.

எழுதப்போகும் அளவு முன்கூட்டித் தெரியாதபோது 'ஓப்பன்-மெம்-ஸ்ட்ரீம்' ஏற்றது. இது எழுதுவதற்கு மட்டுமே உரிய ஓடை. எழுத எழுத நினைவகம் தானே வளரும். வளர்கையில் அப்பகுதி இடம்பெயரக் கூடுமாதலின், ஓடையை வெளியேற்றிய அல்லது மூடிய பின்னரே அதன் முகவரியையும் அளவையும் நம்பலாம். வெளியேற்றியபின் மீண்டும் எழுதினால் பழைய முகவரி செல்லாது. இறுதியில் ஒரு சுழிப் பைட்டு வைக்கப்படும். அஃது அளவில் சேராது. ஓடையை மூடினாலும் நினைவகம் தானே விடுபடாது. 'ஃபிரீ' என்னும் கட்டளையால் நாமே விடுவித்தல் வேண்டும்.

மாத அறிக்கை முழுவதையும் முதலில் நினைவகத்தில் எழுதி, கணக்கு சரியென்று கண்டபின் கோப்பில் இடுவதற்கு இம்முறை மிகவும் சௌகரியமானது. பழைய கோப்பின் இடத்தில் புதியதை வைக்க வேண்டுமாயின், வேறு பெயரில் எழுதி, மூடுதல் வெற்றி பெற்றதை உறுதி செய்துகொண்டு, அதன்பின் பெயரை மாற்றுக. போசிக்ஸ் அமைப்புகளில் பெயர் மாற்றம் முழுமையாக நிகழும், அல்லது நிகழாது. அரைகுறைக் கோப்பு மிஞ்சாது.

ஆசிரியர்களுக்குச் சில பயிற்சிகள்

1. ஒரே கோப்பை 'டபிள்யூ' முறையில் இருமுறை திறந்து ஒவ்வொரு வரி எழுதச் செய்க. பின்னர் 'ஏ' முறையில் அதனையே செய்வித்து வேறுபாட்டைக் காட்டுக.

2. லினக்ஸ் அமைப்பில் 'டெவ்' அடைவில் 'ஃபுல்' என்னும் சாதனக் கோப்பு உண்டு. அது எப்போதும் இடமில்லை என்றே கூறும். அதில் சில எழுத்துகளை மட்டும் எழுதச் செய்து, தவறு எக்கட்டளையில் வெளிப்படுகிறது என்று மாணவர்களைக் கண்டறியச் செய்க.

3. 8 பைட்டு நினைவகத்தை ஓடையாகத் திறந்து 10 பைட்டு எழுதச் செய்து, வெளியேற்றுதலின் விடையை அச்சிடச் சொல்க.

4. ஓடையிலிருந்து ஒரு பைட்டு படிக்கும் 'கெட்-சி' செயற்கூற்றின் விடையை முழுவெண் மாறியில் ஏற்கவேண்டும். கோப்பின் முடிவைக் காட்டும் குறி எதிர்ம எண்ணாகும். எழுத்து வகை மாறியில் ஏற்பின், 255 என்னும் உண்மைப் பைட்டும் முடிவுக்குறி போல் தோன்றிப் படித்தல் பாதியில் நின்றுவிடக் கூடும். இரு வகையிலும் செய்து ஒப்பிடுக.

களப் பணியாளர்கள், பதிவேட்டைத் தொடும் எந்நிரலையும் முதலில் நினைவக ஓடையிலும், அடுத்துப் படியெடுத்த கோப்பிலும், அதன் பின்னரே உண்மைப் பதிவேட்டிலும் இயக்குவார்களாக. தவறவிட்ட ஒரு நாளின் மழையை மறுநாள் அளக்க இயலாது.